பூசணியின் கால் எலும்பும் எங்கள் வீட்டுக் கணக்கும்

பூனை வளர்க்க என்ன செலவு வந்துவிடப் போகிறது? சட்டியில் மிஞ்சின மீன்தலை, பால் காய்ச்சும்போது ஒரு கரண்டி, படுக்க நெல்மூட்டை இடுக்கு. பாபநாசம் பக்கம் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். எங்கள் பூசணியை லோடு ஆட்டோ இடிக்கிற வரைக்கும் எங்கள் வீட்டுக் கணக்கும் இதுதான். மஞ்சள் நிறம், உருண்டை மூஞ்சி, அதனால் பூசணி. கடுவன். அன்று சாயங்காலம் கும்பகோணத்தில் ஒரு கிளினிக்கில் எழுதிக் கொடுத்த சீட்டில் கூட்டுத்தொகை 32,000 ரூபாய். தையல் வேலையில் இரண்டு மூன்று மாதம் உட்கார்ந்தால்தான் அந்தக் காசை நான் பார்ப்பேன்.

கடைசியில் எங்களுக்கு ஆனது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எலும்பு கூடிவிட்டது, பூசணி நடக்கிறது. இதற்காக யாரிடமும் பேரம் பேசவில்லை, வைத்தியத்தில் எதையும் ஒப்பேற்றவும் இல்லை. இன்றைக்கே செய்ய வேண்டியது எது, நாலு நாள் பொறுக்கக்கூடியது எது என்று பிரித்துக் கேட்டோம். கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை முதலிலேயே சொன்னோம். செலவு இறங்கியது பெரும்பாலும் இந்த இரண்டால்தான்.

முதலில் தூக்குகிற விஷயம். அடிபட்ட பூனைக்கு வளர்த்தவர் யார், மற்றவர் யார் என்று தெரியாது. வலியில் யாரையும் கடிக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் ஆடு வளர்க்கிறவர், இதெல்லாம் பழக்கம். வெறுங்கையை நீட்டாமல் ஒரு தடித்த துண்டை மேலே போட்டு, முதுகு மடங்காமல் அப்படியே நகர்த்தித் தக்காளிப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியின் அடியில் ஒரு பலகைத் துண்டு. காலைக் குச்சி வைத்துக் கட்டலாம் என்று இரண்டு பேர் வந்தார்கள், வேண்டாம் என்று விரட்டிவிட்டார். தொடை எலும்பை வெளியிலிருந்து கட்டி நிறுத்த முடியாது, கட்டினால் முறிந்த இடம் இன்னும் அசையும் என்று அப்புறம் டாக்டரும் அதையேதான் சொன்னார். கடி வாங்கிவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம். பூனைக்கடிக்கும் அதே ஊசிதான்.

கால் தொங்குவதைப் பார்த்தால் நமக்கு வயிறு கலங்கும். ஆனால் வண்டியில் அடிபட்ட பூனைக்கு உயிராபத்து பெரும்பாலும் காலில் இல்லை, நெஞ்சிலும் வயிற்றிலும்தான். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்க்க வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் கிழிந்து குடல் மேலே ஏறியிருக்கலாம், மூத்திரப்பை கிழிந்திருக்கலாம். இவற்றில் எதுவும் வெளியே தெரியாது. பூசணிக்கு ஈறு கொஞ்சம் வெளுத்திருந்தது, மூச்சு பரவாயில்லை.

நாங்கள் முதலில் போனது எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு. அங்கே மாடு, ஆடு மட்டும்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பலர் பூனையைத் தூக்கிக்கொண்டு நேரே டவுனுக்கு ஓடுகிறார்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் பூனையையும் பார்ப்பார்கள். எங்கேயோ ஒரு பசுவுக்குச் சினை ஊசி போட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே பூசணியைப் பார்த்தார். வலிக்கு ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். காசு வாங்கவில்லை. “எலும்பு போயிருக்கும்மா. இங்க எக்ஸ்ரே கிடையாது, கும்பகோணம் எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லி, என்ன ஊசி எவ்வளவு போட்டிருக்கிறது என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதியும் கொடுத்தார். அந்தத் தாள் முக்கியம். அடுத்த இடத்தில் அதே வலி ஊசியை மறுபடி போட்டுவிடாமல் இருப்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

கும்பகோணத்தில் தனியார் கிளினிக். எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பு நடுவில் இரண்டாக முறிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது. அப்புறம்தான் அந்த 32,000 சீட்டு. ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, தகடு வைத்து ஆபரேஷன், உள்நோயாளியாக வைத்துக்கொள்ளும் வாடகை, மருந்து என்று வரிவரியாகப் போட்டிருந்தது. என் கணவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

நான்தான் கேட்டேன். “சார், எங்களால் பத்தாயிரம் வரைக்கும் புரட்ட முடியும். அதுக்கு மேல இப்ப வழியில்லை. அதுக்குள்ள இவனுக்கு என்ன செய்யலாம்?” டாக்டர் முகம் சுளிக்கவில்லை. சீட்டைத் திருப்பி வாங்கி நடுவில் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே இருந்தது அன்று ராத்திரிக்கு உரியது: நெஞ்சு எக்ஸ்ரே, வலி மருந்து, குளுக்கோஸ், மூத்திரப்பையைத் தொட்டுப் பார்ப்பது. கூட்டினால் மூவாயிரத்துக்குள் அடங்கியது. கோட்டுக்குக் கீழே ஆபரேஷன். “எலும்பு நாலஞ்சு நாள் தாங்கும்மா. அடிபட்ட அதிர்ச்சி தெளியாம மயக்க மருந்து கொடுக்கிறதுதான் ஆபத்து” என்றார். ஒரே ராத்திரியில் முப்பதாயிரம் புரட்ட வேண்டும் என்று இருந்தது, அந்த ஒரு கோட்டில் நாலு நாள் அவகாசமாக மாறிவிட்டது.

டாக்டரிடம் பணத்தைப் பற்றிப் பேசினால் பூனையின் மேல் பாசம் இல்லை என்று நினைப்பாரோ என்று பலருக்குக் கூச்சம். அவர் தினம் பார்க்கிற கூட்டம் நம்மைப் போன்ற கூட்டம்தான். தொகையைச் சொல்லாவிட்டால் அவர் முதல் தரமான வழியைத்தான் எழுதுவார், எழுதவும் வேண்டும். தொகையைச் சொன்ன பிறகுதான் அடுத்த வழிகள் வெளியே வரும். தொடை எலும்புக்குத் தகடு வைப்பது ஒரு வழி. எலும்பின் உள்ளே நீளமாகக் கம்பி செருகுவது இன்னொன்று. அதற்குச் செலவு குறைவு, பூனை மாதிரி எடை குறைந்த பிராணிக்குப் பல முறிவுகளில் அது போதும். காலையே எடுத்துவிடுவது மூன்றாவது. கேட்கக் கொடுமையாக இருக்கிறது, ஆனால் மூன்று காலோடு பூனை மதில் ஏறும், எலி பிடிக்கும். இடுப்பெலும்பு முறிவாக இருந்தால் பல நேரம் ஆபரேஷனே இல்லாமல் கூண்டில் அடைத்து வைத்தாலே கூடிவிடும் என்றார். பூசணியின் முறிவுக்கு அது ஒத்து வராது.

சீட்டு கையில் வந்ததும் கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு. கம்பியைப் பிறகு எடுக்க வேண்டியிருக்குமா, அதற்குத் தனிக் கட்டணமா? மறு எக்ஸ்ரே எத்தனை, அது இந்தத் தொகையில் சேர்த்தியா? தையல் பிரிக்க வரும்போது காசு உண்டா? உள்நோயாளியாக வைப்பது அவசியமா, வீட்டில் வைத்துக் காலையும் மாலையும் ஊசிக்குக் கொண்டுவந்தால் போதுமா? கடைசிக் கேள்வியிலேயே எங்களுக்கு நல்ல தொகை மிச்சம். எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாம் காசு கொடுத்து எடுத்தது, அடுத்த இடத்தில் மறுபடி எடுக்க வேண்டியதில்லை.

ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியைப் பற்றிச் சொன்னதும் அதே தனியார் டாக்டர்தான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, 2012இல் தொடங்கியது. டெல்டாவில் இருப்பவர்கள் இதற்காகச் சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரிவரை போக வேண்டியதில்லை. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை சாலையில் போனால் ஒரு மணி நேரத்துக்குள். கல்லூரி என்பதால் பேராசிரியர்கள் முன்னிலையில் மாணவர்களும் சுற்றி நின்று பார்ப்பார்கள், நேரம் பிடிக்கும். போன் செய்து அறுவைச் சிகிச்சைப் பிரிவு எப்போது என்று கேட்டுக்கொண்டு, காலையில் வெள்ளனமே போய்விடுவது நல்லது. சாப்பாட்டை எத்தனை மணியோடு நிறுத்த வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். பூனை சாப்பிட்டிருந்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள், பஸ் காசும் ஒரு நாள் கூலியும் வீண். பூசணிக்குக் கம்பி வைத்தது அங்கேதான். நாங்கள் பதிவுக் கட்டணம் கட்டினோம், கம்பியும் சில மருந்துகளும் வெளியே வாங்கிக் கொடுத்தோம். மொத்தத்தில் பெரிய செலவு அதுதான்.

ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போது எனக்கு ஒரு நினைப்பு. யானைக்கும் குதிரைக்கும் வைத்தியம் சொல்லும் சுவடிகள் தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் பத்திரமாக இருக்கின்றன. பூனைக்கு யாராவது எழுதி வைத்தார்களா? எழுதியிருந்தாலும் எலி தின்றிருக்கும்.

பஸ் பயணம் தனிக்கதை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கட்டைப்பைக்குள் தக்காளிப் பெட்டி, அதன்மேல் துண்டு. உள்ளே இருந்து ஒரு கத்தல். கண்டக்டர் குனிந்து பார்த்து, “ஆம்பளைப் பூனையாம்மா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப டிக்கெட் எடுக்கணுமே” என்றார். பஸ்ஸே சிரித்தது. டிக்கெட் கிழிக்கவில்லை.

பணம் எப்படிப் புரட்டினோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதி எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் உள்கடன். குழுவில் எதற்கென்று எழுத வேண்டும், “மருத்துவச் செலவு” என்று எழுதினேன், உண்மைதானே. அவசரத்தில் தோட்டைக் கழற்றி அடகுக்கடையில் வைக்கத்தான் முதலில் கை போகும். வைப்பதானால் கூட்டுறவுச் சங்கமோ வங்கியோ மேல், வட்டி குறைவு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சீட்டைப் படம் எடுத்துப் போட்டேன். துபாயில் இருக்கும் கணவரின் அக்கா மகன் இரண்டாயிரம் அனுப்பினான், மற்றவர்கள் அறிவுரை அனுப்பினார்கள். உதவி கேட்கும்போது எக்ஸ்ரேயையும் சீட்டையும் சேர்த்துப் போட்டால்தான் ஆட்கள் நம்புவார்கள். மாதாமாதம் வரும் உரிமைத் தொகை 1,000 ரூபாய் கொஞ்ச நாளைக்குக் குழுக்கடனுக்குப் போயிற்று.

மருந்தில் மிச்சம் பிடித்த விதம் ஒன்று உண்டு. டாக்டரிடம் பிராண்டு பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொன்னேன். பூனைக்கு எழுதுகிற ஆன்டிபயாட்டிக் பல, மனிதர்களுக்கும் கொடுப்பவைதான். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விலை நன்றாகவே குறைவு. ஆனால் அளவு டாக்டர் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும், அது எடைக்கு எடை. அரிசிக்கடைத் தராசில் பையோடு வைத்து எடை பார்த்தோம், மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

இதிலேயே ஒரு எச்சரிக்கை. வலிக்குது பாவம் என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடலாம். புண்ணுக்கு டெட்டாலும் கூடாது, நக்கி உள்ளே போனால் விஷம். மாட்டுப் புண்ணில் புழு வைக்காமல் அடிக்கிற ஸ்ப்ரே எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கும், அதையும் டாக்டரைக் கேட்காமல் அடிக்க வேண்டாம். வலி மருந்து டாக்டர் கொடுத்ததாகவே இருந்தாலும், நன்றாக இருக்கிறதே என்று நாமாக இரண்டு நாள் நீட்டக்கூடாது. பூனைக்குக் கிட்னி அதில்தான் போகும். இப்படிப் போனால் வருகிற செலவு, கால் ஆபரேஷனைவிடப் பெரிது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. பூனைக்கு ஆபரேஷன் முடிந்தது தெரியாது. வலி குறைந்ததும் அலமாரி மேல் தாவப் பார்க்கும். ஒரு தாவலில் கம்பி நகர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. எலும்பு கூட ஆறிலிருந்து எட்டு வாரம் கூண்டு என்று சொல்லியிருந்தார்கள். “பஞ்சாரத்தைக் கவுத்துப் போடேன்” என்றார் அத்தை. கோழி அடங்கும், பூசணி அதைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டே கூடத்தைச் சுற்றிவிடும். கோழிக்குஞ்சு விற்கிறவரிடம் கம்பிக் கூண்டு ஒன்று வாடகைக்கு வாங்கினோம். நிற்கலாம், திரும்பலாம், தாவ முடியாது. அடியில் சாக்கு, அதன்மேல் பழைய நூல்சேலையை மடித்துப் போட்டேன். கக்கூசுக்கு உமியும் மணலும் புண்ணில் ஒட்டும் என்பதால் தையல் பிரிக்கும்வரை கிழித்த செய்தித்தாள்.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு கடையில் நானூறு ஐந்நூறு சொன்னார்கள். பரணில் மாமாவின் பழைய நெஞ்சு எக்ஸ்ரே கிடந்தது. அதை அரைவட்டமாக வெட்டி, கழுத்துப் பக்கம் அறுக்காமல் இருக்கப் பைப்பிங் துணி வைத்துத் தைத்தேன். ரவிக்கைக் கழுத்துக்கு வைக்கிற அதே பைப்பிங், சிவப்பு. இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டு நாடா கட்டினேன். விளிம்பு மூக்கைத் தாண்டி இரண்டு அங்குலம் நீள வேண்டும், இல்லாவிட்டால் எட்டிவிடும். மாமாவின் விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்து பூசணியின் முகம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமாவுக்கே சிரிப்பு.

முதல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பூனை பட்டினி கிடந்தால் நாயைப்போலத் தாங்காது. இரண்டு மூன்று நாளிலேயே ஈரலில் கொழுப்பு படிந்து அது தனி நோயாகிவிடும், பருத்த பூனைக்கு இன்னும் சீக்கிரம். கெண்டை மீனை வேகவைத்து, முள் ஒவ்வொன்றாக எடுத்து, வெதுவெதுப்பாக மூக்கருகில் கொண்டுபோனேன். ஆறின சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காதவன் ஆவியோடு வந்த வாசத்துக்கு நாக்கை நீட்டினான். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச்சாறு மட்டும் வேண்டாம், பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். பாலையும் நிறுத்தினோம். கூண்டுக்குள் வயிற்றுப்போக்கு வந்தால் கழுவுகிறவளுக்குத்தான் தெரியும். ஒரு நோட்டில் சாப்பாடு, மருந்து, சிறுநீர் மூன்றையும் எழுதி வைத்தேன். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகவில்லை என்றால், அதுவும் கடுவனுக்கு, விடிகிறவரை காத்திருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நோட்டு இருந்ததால் பாதிச் சந்தேகங்களைப் போனிலேயே கேட்டுத் தீர்த்துக்கொண்டோம், பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை.

“ஒரு பூனைக்கு இவ்ளோவா?” இதைக் கேட்காதவர் தெருவில் இல்லை. அத்தைதான் பதில் சொல்வார். “போன வருசம் எலி கடிச்சு வெதநெல்லு மூட்டை ரெண்டு போச்சே, அதுக்கு எவ்ளோன்னு கணக்குப் போட்டியா?” குறுவைக்கு வைத்திருக்கும் விதைநெல்லுக்குக் காவல் யார் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அத்தை கணக்காகச் சொன்னாலும் அது கணக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். ராத்திரி கூண்டுப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்ததும் அவர்தான்.

எல்லாப் பூனைக்கும் இப்படி முடியாது. எங்கள் அடுத்த தெருவில் ஒரு வீட்டுப் பூனைக்கு முதுகெலும்பே முறிந்து பின்னங்கால் இரண்டிலும் உணர்ச்சி இல்லை. வலியில்லாமல் தூங்க வைத்துவிட்டார்கள். அவர்களுக்குப் பாசம் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். “பிழைத்தால் எப்படி வாழும்?” என்ற கேள்வியையும் பணக் கேள்வியோடு சேர்த்தே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். கடன் வாங்கின பிறகு கேட்டால் இரண்டு துக்கம்.

மறு எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரிந்ததும் கம்பியை எடுக்கத் தேதி கொடுத்தார்கள். அதற்கும் மயக்க மருந்து உண்டு. அதே மயக்கத்தில் குடும்பக் கட்டுப்பாட்டையும் செய்துவிட முடியுமா என்று கேட்டோம், உடம்பு நன்றாக இருக்கிறது, செய்யலாம் என்றார்கள். தனியாகச் செய்தால் இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு பயணம். கருத்தடை செய்த கடுவன் துணை தேடி ரோட்டைக் கடந்து அலைவது குறையும், அடிபடுவதும் குறையும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் பிறகு உள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் போட்டுக்கொண்டோம்.

பூனைக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா என்று கணவர் விசாரித்தார். நம் நாட்டில் இப்போது சில கம்பெனிகள் தருகின்றன, ஆனால் ஏற்கெனவே பட்ட அடிக்குக் கிடைக்காது, நாட்டுப் பூனைக்கு உண்டா, எந்த வயதுவரை என்பதை பாலிசியில் வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் அதற்குப் பதில் தபால் நிலையத்தில் ஒரு ஆர்.டி. தொடங்கினோம். மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம், நாங்கள் 300 போடுகிறோம். பாஸ்புக் என் பெயரில் இருக்கிறது. போஸ்ட்மாஸ்டர் எதற்கு என்று கேட்டார், பூனைக்கு என்றேன், நாமினி யார் என்று கேட்டார். அத்தை பெயரைக் கொடுத்தேன்.